கடைவாய்ப் பல்

இந்த மாதம் மூன்றாவது தடவை
எனக்குப் பல் வலிக்கிறது.

ஷோர்ட் லீவு படிவத்தில்
காரணம் என்ற கோட்டின் மேல்
பல் என்று மட்டும் எழுதினேன்.
ஜயக்கொடி சேர் கையெழுத்து வைத்துவிட்டுத்
தன் வாயைத் திறந்து காட்டினார்.
உள்ளே ஒன்று தங்க நிறத்தில்.
பொரளையில் நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார்,
என் பெயரைச் சொல்லுங்கள், குறைத்து எடுப்பார் என்று
நம்பரும் எழுதித் தந்தார்.
அந்தத் துண்டை எறிய மனம் வராமல்
பைக்குள் வைத்தேன்.

அதே பைக்குள்
ஆட்கள் வருமுன் கந்தோர் பிரிண்டரில்
களவாக எடுத்த என் வாழ்க்கை,
இரண்டு பக்கம்.
(முதல் பிரதி சிக்கிக்கொண்டது.
மெஷினின் வயிற்றைத் திறந்து
மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த என் பெயரை
இழுத்தெடுத்தேன். ஒரு துண்டு வரவேயில்லை.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
"இன்றுவரை" என்று முடிகிற வரி.)

கொள்ளுப்பிட்டியிலிருந்து யூனியன் பிளேஸ்
நடக்கிற தூரம்தான்.
வியர்த்துப்போய் நிற்கக்கூடாதென்று
த்ரீவீல் பிடித்தேன்.
செருப்பைக் கழற்றிச் சப்பாத்து மாற்றும்போது
கண்ணாடியில் பார்த்துச் சாரதி கேட்டார்,
இன்டர்வியூவா மிஸ்?
பல் டொக்டர் என்றேன்.
அவருக்கு ஏன் பொய் சொன்னேன்?
பழகிவிட்டது.

பதினேழாம் மாடி. குளிர்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
மூன்று மொழியும் சரளமா என்றார் ஒருவர்,
வரியில் விரலை வைத்து.
ஓம் சேர்.
சேருக்குச் சிங்களத்தில்,
ரிஸ்மியாவுக்குத் தமிழில்,
இதோ உங்களுக்கு ஆங்கிலத்தில்
என்ற மீதியைச் சொல்லவில்லை.

ஏன் அந்த வேலையை விடுகிறீர்கள்?
வளர்ச்சி என்றேன். சவால் என்றேன்.
வீடியோ பார்த்துப் பாடமாக்கியவை.
சம்பளம் இருபதாம் திகதியோடு முடிவதை,
வெள்ளவத்தை அனெக்ஸ்காரர் தை பிறந்ததும்
வாடகையைக் கூட்டியதை,
ஒன்பது வருஷமாக
ஒரே கொண்டெய்னரைத் திரும்பத் திரும்ப
எண்ணுவதுபோல் இருப்பதை
எப்படிச் சொல்வதென்று
அந்த வீடியோவில் இல்லை.

அவர்களின் தலைகளுக்குப் பின்னால் கண்ணாடி.
பேரை வாவியின் பச்சை, தகரக் கூரைகள்,
அங்கால் கடல், ஒரு கோடு.
கோட்டுக்குச் சற்று இப்பால்
நீலத் தண்ணீர்த் தாங்கி. எங்கள் கட்டடம்.
தாங்கிக்குக் கீழே இரண்டாவது ஜன்னலில்
கதிரை முதுகில் தொங்கும் என் கார்டிகன்
எனக்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருக்கும்.
இவ்வளவு தூரத்தில் தெரியாது.
எனக்குத் தெரிந்தது.

என்ன பார்க்கிறீர்கள்?
ஒன்றுமில்லை. நல்ல வியூ.

உங்கள் மேலாளருக்கு
நாங்கள் ஒரு கோல் எடுக்கலாமா?

அப்போதுதான்
எங்கேயோ ஒரு நரம்பு
உண்மையாகவே விண்ணென்றது.

திரும்பி வந்தபோது
ஜயக்கொடி சேர் மீட்டிங்கில்.
என் மேசையில் லன்ச் பெட்டி மூடி நிறையப்
பப்பாளிப் பழம்,
குழந்தைக்கு வெட்டுவதுபோல் சின்னச் சின்னதாய்.
கடிக்கத் தேவையில்ல, சும்மா முழுங்கலாம் என்றாள் ரிஸ்மியா.
இடப்பக்கம் ஒதுக்கி
மெல்ல மெல்ல மென்றேன்.
அவள் இன்வொய்ஸில் இருந்து கண்ணெடுக்காமல்,
போன கிழம வலிச்சது இடப்பக்கம் என்றாள்.

தொண்டைக்குள் பழம் நின்றது.
லாச்சிக்குள் போன் அதிர்ந்தது.
யாரென்று இருவருமே பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து
ஸ்டேப்ளரை நிரப்பிக்கொண்டே,
ரகசியம்போலவும் இல்லாமல்
பகிடிபோலவும் இல்லாமல் சொன்னாள்:
அந்த டொக்டர்ட நம்பர எனக்கும் செல்லுங்க.
எனக்கும் ஒரு பல்லு ஈக்கி.

போன் நின்று
மறுபடி அதிரத் தொடங்கியது.